வயர்லெஸ் மைக் இரைச்சலும் கோளாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையிலிருந்து ஒருவர் மைக்கைக் காட்டிக் கையை ஆட்டியதும் பலரும் முதலில் செய்வது, ரிசீவரில், அதாவது மைக்கின் அலையை வாங்கும் பெட்டியில், சேனலை மாற்றுவதுதான். நானும் பல வருடம் அதையே செய்துகொண்டிருந்தேன். சேனலை மாற்றிச் சரியான தடவைகளைவிட, மாற்றியதால் இன்னொரு மைக்கும் சேர்ந்து கெட்ட தடவைகள் அதிகம். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால் அப்படித்தான் ஆகும். அதனால் கீழே உள்ள கேள்விகளில் முதல் கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மற்றவற்றை உங்கள் பிரச்சினைக்குத் தக்கபடி படித்தால் போதும்.

கோளாறு மைக்கிலா, அலையிலா, மிக்சருக்குப் போகும் ஒயரிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். அநேகமாக எல்லா ரிசீவரிலும் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று ஆர்எஃப்: மைக்கோடு இருந்து அலை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும். இன்னொன்று ஏஎஃப்: அந்த அலையில் ஏறி வந்த குரலின் அளவு.

சத்தம் கெடும் அதே நொடியில் ஆர்எஃப் மீட்டரும் விழுந்தால் பிரச்சினை அலையில். ஆர்எஃப் முழுதாக நிற்கிறது, ஆனால் கொரகொரப்புக்கு ஏற்றபடி ஏஎஃப் துள்ளுகிறது என்றால் மைக், அதன் ஒயர், டிரான்ஸ்மிட்டர் இவற்றில் ஒன்று. இரண்டு மீட்டரும் ஒழுங்காக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் இரைச்சல் கேட்டால் ரிசீவருக்கு அப்பால், ஒலிகளைச் சேர்க்கும் மிக்சர் பக்கம் தேடுங்கள்.

மீட்டரை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி. டிரான்ஸ்மிட்டரில் மியூட் அழுத்துங்கள். அலை தொடர்ந்து போகும், குரல் மட்டும் நிற்கும். அப்போது கொரகொரப்பும் நின்றால் கோளாறு மைக் பக்கம். நிற்கவில்லையா, டிரான்ஸ்மிட்டரையே அணைத்துப் பாருங்கள். அணைத்த பிறகும் ஸ்பீக்கரில் உறுமல் இருந்தால், அது பெரும்பாலும் மிக்சர் பக்கத்துச் சமாச்சாரம். அணைத்த பிறகும் ஆர்எஃப் மீட்டர் எரிந்துகொண்டே இருந்தால், உங்கள் அலைவரிசையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் அரை நிமிடம் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டரி, சேனல், கேபிள் மூன்றையும் ஒன்றாக மாற்றிச் சரியானால், எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த முறையும் மூன்றையும் மாற்ற வேண்டியதுதான்.

பேச்சாளர் நடக்கும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஏன்?

அலை ஒரே வழியாக ரிசீவருக்கு வருவதில்லை. நேராக ஒன்று வரும், சுவரில் பட்டு ஒன்று, இரும்புத் தூணில் பட்டு ஒன்று. இவை ஆன்டெனாவில் சேரும்போது சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 600 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 50 செ.மீ. ஆகவே, நன்றாகக் கேட்கும் இடத்துக்கும் செத்துப்போகும் இடத்துக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லாமல் இருக்கலாம். பேச்சாளர் அரை எட்டு நகர்ந்ததும் குரல் திரும்பி வருவது இதனால்தான்.

இதற்காகத்தான் ரிசீவரில் இரண்டு ஆன்டெனா. ஒன்று செத்த இடத்தில் இருக்கும்போது மற்றொன்றுக்கு நல்ல அலை கிடைக்கும்; ரிசீவர் அதற்கு மாறிக்கொள்ளும். முகப்பில் ஏ, பி என்று இரண்டு விளக்கு மாறி மாறி எரிவது கோளாறு அல்ல, ரிசீவர் தன் வேலையைச் செய்கிறது. எப்போதும் ஒன்றே எரிகிறது, மற்றது எட்டிப்பார்ப்பதே இல்லை என்றால் அந்த ஆன்டெனாவின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த காரணம், மனித உடல். உடம்பில் தண்ணீர் அதிகம். அது அலையை உறிஞ்சிவிடும். இடுப்பின் பின்பக்கம் பெல்ட்பேக்கை (இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் பெட்டி) மாட்டிக்கொண்டு ரிசீவரைப் பார்த்து நின்று பேசினால், நடுவில் ஓர் ஆளே மறைப்பாக நிற்கிறார். பேக்கை ரிசீவர் இருக்கும் பக்கத்து இடுப்புக்கு மாற்றுங்கள். அதன் ஆன்டெனா வியர்த்த தோலில் ஒட்டாமல் தொங்கட்டும். பார்க்க அழகாக இல்லை என்று அதைச் சுருட்டி உள்ளே செருகுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். சுருட்டிய ஆன்டெனா ஆன்டெனாவே அல்ல.

ஹேண்ட் மைக்கில் பெரும்பாலும் ஆன்டெனா அடிப்பாகத்தில் இருக்கும். அதை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் இதே கதைதான்.

ரிசீவரின் ஆன்டெனாவை எங்கே, எப்படி வைப்பது?

மைக்கைப் பிடித்திருப்பவரை ஆன்டெனாவின் இடத்திலிருந்து உங்கள் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். கூட்டம் எழுந்து நின்றாலும் பார்க்க முடிய வேண்டும். அதாவது தலைகளுக்கு மேலே. இரண்டு ஆன்டெனாவையும் ஆளுக்கொரு பக்கம் சாய்த்து ‘வி’ போல வையுங்கள். டிரான்ஸ்மிட்டர் நிமிர்ந்து இருந்தாலும் படுத்திருந்தாலும் இரண்டில் ஒன்றுக்காவது அலை ஒழுங்காகக் கிடைக்கும்.

இரும்பு ராக்கின் உள்ளே, பின்பக்கம் மாட்டிய ஆன்டெனாவோடு கதவைச் சாத்தி வைப்பது, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்பது மாதிரி. ஆன்டெனாவை ராக்கின் முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், அல்லது கேபிள் போட்டு வெளியே ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ரொம்ப நெருக்கமும் ஆகாது. மைக்குக்கும் ரிசீவர் ஆன்டெனாவுக்கும் நடுவே 3 மீட்டராவது இருக்கட்டும். காதுக்குள் மாட்டும் மானிட்டருக்கான டிரான்ஸ்மிட்டர் இருந்தால் அதன் ஆன்டெனாவை மைக் ரிசீவரின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். கத்துகிறவனையும் காது கொடுத்துக் கேட்கிறவனையும் தோளோடு தோள் உட்காரவைத்த மாதிரி ஆகிவிடும்.

ஆன்டெனா கேபிளை நீளமாக இழுத்தால் பூஸ்டர் தேவையா?

கேபிளைப் பொறுத்தது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் இந்த அலைவரிசைகளில் 10 மீட்டருக்குள் பாதிக்கு மேல் வலு போய்விடும். தடித்த, இழப்புக் குறைந்த கேபிள் என்றால் அதே தூரத்துக்குப் பூஸ்டர் வேண்டாம். வயர்லெஸ் மைக் கருவிகள் 50 ஓம் கேபிளுக்காகச் செய்யப்பட்டவை. அவசரத்துக்கு நல்ல 75 ஓம் டிவி கேபிளும் ஓடும், அதனால் ஆகும் இழப்பு பயப்படுகிற அளவுக்கு இல்லை. பூஸ்டர் போட்டே ஆக வேண்டுமென்றால் ஆன்டெனாவின் அருகில் போடுங்கள், கேபிளில் இழக்கும் அளவை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும். கூடுதலாக வைத்தால் பக்கத்து இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

சவுண்டு செக்கில் அருமையாக இருந்தது. கூட்டம் வந்ததும் கெட்டுவிட்டது. என்ன மாறியது?

நிறைய மாறியது. காலி அரங்கில் இல்லாத நூற்றுக்கணக்கான உடல்கள் வந்து அலையை உறிஞ்சுகின்றன. ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன், அதில் வைஃபையும் புளூடூத்தும். உங்கள் மைக் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை என்றால், அந்தப் போன்களும் அதே தெருவில்தான் நடக்கின்றன. சிறிய அறையில், காமிரா முன்னால் பேச அது நல்ல கருவிதான். ஆயிரம் பேர் நடுவே அதை நம்பி நிற்க நான் தயாரில்லை.

500, 600 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசையில் ஓடும் யுஎச்எஃப் மைக்கும் தப்பாது. சவுண்டு செக்கின்போது அணைந்திருந்த பெரிய எல்இடி திரை நிகழ்ச்சி தொடங்கும்போது எரியும். சில திரைகளும் அவற்றின் பவர் சப்ளைகளும் பரவலாக இரைச்சல் கக்கும். செய்தி எடுக்க வந்தவர்கள் தங்கள் மைக்குகளை ஆன் செய்வார்கள். ஆகவே ரிசீவரை வைத்துக் காலி அலைவரிசை தேடி ஸ்கேன் செய்யும் நேரத்திலேயே திரை, விளக்கு, எல்லாவற்றையும் எரியவிடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டால் பிறகு மேடையில் கூச்சப்பட வேண்டிவரும்.

ஒரு மைக் தனியாக நன்றாக ஓடுகிறது. நான்கையும் ஆன் செய்தால் இரைச்சல். ஏன்?

இதுதான் பலரும் புரிந்துகொள்ளாமல் மைக் கம்பெனியைத் திட்டும் இடம். இரண்டு டிரான்ஸ்மிட்டர் ஒரே நேரத்தில் ஓடும்போது, அவற்றின் சுற்றுகளிலும் ரிசீவரிலும் இரண்டும் கலந்து, யாரும் அனுப்பாத புதிய அலைவரிசைகள் பிறக்கும். முக்கியமானதற்குக் கணக்கு எளிது: ஒன்றை இரண்டால் பெருக்கி மற்றதைக் கழியுங்கள்.

மூன்று மைக்கை 500.0, 500.4, 500.8 மெகாஹெர்ட்ஸில் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சம இடைவெளி, பார்க்க ஒழுங்கு. ஆனால் 500.4-ஐ இரட்டித்து 500.0-ஐக் கழித்தால் என்ன வருகிறது? 500.8. அதாவது முதல் இரண்டு மைக்கும் சேர்ந்து மூன்றாவதன் தலையில் நேராக உட்காருகின்றன. மூன்றாவதை 501.2-க்கு நகர்த்துங்கள், அதே 500.8 இப்போது காலி இடத்தில் விழும், யாருக்கும் தொந்தரவில்லை. சம இடைவெளிதான் இங்கே எதிரி.

மைக் கூடக்கூட இந்தக் கூட்டல் கழித்தல் தாறுமாறாகப் பெருகும். மூன்று மூன்றாகவும் கலக்கும். அதனால் கையால் கணக்குப் போட வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒத்துப்போகும் சேனல்களைக் குரூப் குரூப்பாகப் பிரித்தே தருகிறார்கள். எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில், வேறு வேறு சேனலில் வையுங்கள். குரூப் 1-இல் இரண்டு, குரூப் 3-இல் இரண்டு என்று கலந்தால் அந்தக் கணக்கெல்லாம் வீண். வெவ்வேறு கம்பெனி மைக்குகள் கலந்திருந்தால் குரூப் உதவாது. அலைவரிசை கணக்கிடும் மென்பொருள் ஒன்றில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டும்.

இன்னொன்று. ஆன் செய்த மைக்குகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைக்காதீர்கள். டிரான்ஸ்மிட்டர்கள் நெருங்க நெருங்க இந்தக் கலப்பு அதிகமாகும். வலுவைக் கூட்டினால் சரியாகும் என்று 10 மில்லிவாட்டை 50 ஆக்குவதும் அப்படித்தான்; நல்ல அலை கொஞ்சம் கூடும், கலப்பு அதைவிட வேகமாகக் கூடும். பல மைக் ஓடும் சிறிய மேடைக்கு 10 மில்லிவாட்டே நல்லது.

ஸ்கேன் செய்துதான் சேனல் எடுத்தேன். அப்படியும் மோதுகிறதே?

வரிசை தப்பியிருக்கும். எல்லா டிரான்ஸ்மிட்டரையும் அணைத்துவிட்டு முதல் ரிசீவரில் ஸ்கேன், கிடைத்த சேனலை முதல் மைக்குக்கு சிங்க் செய்யுங்கள், அதாவது மைக்கையும் அதே சேனலுக்குக் கொண்டுவாருங்கள். அந்த மைக்கை ஆன் செய்தபடியே விட்டுவிட்டு இரண்டாவது ரிசீவரில் ஸ்கேன். அப்போதுதான் முதல் மைக் பிடித்திருக்கும் இடத்தை இரண்டாவது ரிசீவர் பார்த்து ஒதுங்கும். எல்லாம் முடிந்ததும் எல்லா மைக்கும் ஆனில் இருக்க, ஒன்றை மட்டும் அணைத்து அதன் ரிசீவரின் ஆர்எஃப் மீட்டரைப் பாருங்கள். அணைந்திருக்க வேண்டும். எரிந்தால் அந்த இடத்தில் ஏதோ விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் இப்படிப் பார்த்த பிறகு, மைக்கைக் கையில் பிடித்துப் பேசியபடி மேடையின் நான்கு மூலைக்கும் நடந்து வாருங்கள்.

ஸ்கெல்ச் என்று ஒரு திருகு இருக்கிறதே, அதைத் தொடலாமா?

அலை எவ்வளவு பலவீனமானதும் ரிசீவர் வாயை மூட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. குறைத்தால் தூரம் கூடும், ஆனால் மைக் அணைந்ததும் ‘உஷ்ஷ்’ என்று இரைச்சல் வெடிக்கும். கூட்டினால் அமைதி, ஆனால் மைக் சீக்கிரம் கட் ஆகும். தொழிற்சாலையில் வைத்தபடியே விடுவது உத்தமம். ஆன்டெனாவைச் சரியாக வைக்காமல் ஸ்கெல்ச்சைத் திருகுவது வீண் வேலை.

காலர் மைக்கில் அசையும்போதெல்லாம் கொரகொரப்பு. மைக் போய்விட்டதா?

பத்துக்கு எட்டு தடவை ஒயர்தான் என்பது என் அனுபவம். சோதிக்கும் முறை இது. ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பெல்ட்பேக்கில் செருகும் பின்னின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல வளையுங்கள், மேலே கீழே, இடம் வலம். சத்தம் வந்தால் அங்கேதான் உள்ளே இழை அறுந்திருக்கிறது. வரவில்லை என்றால் அங்குலம் அங்குலமாக ஒயரை உருட்டிக்கொண்டே மேலே போங்கள், மைக் தலை சேரும் இடம் வரை. அறுந்த இடம் வந்ததும் காதில் ‘படக்’ என்று கேட்கும். பெரும்பாலும் இரண்டு முனைகளில் ஒன்று. செருகும் பின் இருக்கும் முனை என்றால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பப் பற்றவைக்கலாம். தலைப் பக்கம் என்றால் மைக்கை மாற்றுவதே லாபம்.

ஒயரில் ஒன்றுமில்லை என்றால் துணியைப் பாருங்கள். சட்டை மைக்கில் உரசும் சத்தம் கோளாறு மாதிரியே கேட்கும். கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டை, தாடி என்று சந்தேகப் பட்டியல் நீளம். ஒயரைக் கிளிப்புக்குக் கீழே ஒரு சின்ன வளையமாக விட்டு ஒட்டினால் இழுபடும் சத்தம் மைக்குக்கு ஏறாது.

குரல் திடீரென்று அடைத்துப்போய், போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் ஆனால் வியர்வை உள்ளே போயிருக்கும். கழற்றி, தலை கீழ்நோக்கியிருக்கும்படி தொங்கவிட்டுக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம்.

ஹேண்ட் மைக்கில் குரல் மந்தமாக இருக்கிறது.

கிரில்லைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைப் பாருங்கள். எச்சிலும் தூசும் உதட்டுச் சாயமும் சேர்ந்து அடைத்திருக்கும். கிரில்லை மட்டும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் முதல் கோளாறைவிட மோசமான கோளாறு வரும்.

பேட்டரி முழுசு என்று காட்டியது, பாதியில் செத்துவிட்டது!

ஆல்கலைன் ஏஏ பேட்டரி 1.5 வோல்ட், தேயத் தேய வோல்டேஜ் படிப்படியாக இறங்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட், கடைசிவரை கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றுவிட்டுச் சட்டென்று விழும். மீட்டர் வோல்டேஜைப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறது. டிரான்ஸ்மிட்டரின் மெனுவில் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். புதியதையும் பழையதையும் ஜோடி சேர்க்காதீர்கள். பேட்டரி இருக்கும் அறையின் ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் தேய்த்து எடுங்கள். ஹேண்ட் மைக்கை ஆட்டும்போது கட் ஆவதற்கு அதுவும் காரணம்.

குரல் பிளிறுகிறது, அல்லது பின்னால் உஷ்ஷென்று இரைச்சல். அலைவரிசையை மாற்றட்டுமா?

வேண்டாம், இது அளவு பிரச்சினை. டிரான்ஸ்மிட்டரில் கெயின், அதாவது குரலைப் பெருக்கும் அளவு, அதிகமானால் கத்திப் பேசும்போது பிளிறும். மிக்சரில் எவ்வளவு இறக்கினாலும் அந்தப் பிளிறல் போகாது, குறைந்த சத்தத்தில் பிளிறும், அவ்வளவுதான். கெயின் குறைந்தால், குறிப்பாக அனலாக் கருவிகளில், இரைச்சல் மேலே வரும். பேசுகிறவரை அவருடைய உச்சக் குரலில் பேசச் சொல்லி, ஏஎஃப் சிவப்பைத் தொடாத இடத்தில் நிறுத்துங்கள். ‘ஹலோ ஒன் டூ த்ரீ’ என்று முணுமுணுத்துச் சரிபார்ப்பதில் பயனில்லை, மேடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

அப்புறம் ரிசீவரின் பின்னால் மைக், லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். லைனில் வைத்து மிக்சரின் மைக் உள்ளீட்டில் செருகினாலும் பிளிறல்தான்.

‘ம்ம்ம்’ என்று நிற்காத உறுமல். போன் பக்கத்தில் வந்தால் ‘டிட்டிட்டிட்’.

உறுமல் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துடையது. ரிசீவரும் மிக்சரும் வெவ்வேறு பிளக் பாயின்ட்டில் எர்த் எடுத்து, ஆடியோ கேபிள் வழியாக வட்டம் போட்டால் வரும். இரண்டையும் ஒரே பாயின்ட்டிலிருந்து எடுங்கள். அல்லது நடுவில், ஒலியை மட்டும் விட்டு மின் இணைப்பைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடுங்கள். பவர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து உறுமலை நிறுத்துகிறவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள்.

அந்த ‘டிட்டிட்’ ஜிஎஸ்எம் போன் விநாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்புவதால் வருவது. 2 வாட் வரை துடிக்கும் அந்த அலைக்கு முன்னால் மைக்கின் சில பத்து மில்லிவாட் எம்மாத்திரம்? அது மைக் ஒயரிலோ சுற்றிலோ நேராக ஏறிக்கொள்ளும், சேனல் மாற்றிப் பயனில்லை. போனைப் பெல்ட்பேக்கிலிருந்து மறு பக்கத்துப் பைக்கு மாற்றினால் போதும்.

விசில் அடிப்பது வயர்லெஸ் கோளாறா?

இல்லை. ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் நுழைந்து சுற்றுவது. ஒயர் மைக்கிலும் அடிக்கும். ஒயர் இல்லாததால் ஆள் ஸ்பீக்கர் முன்னால் போய் நிற்கிறார் என்பது மட்டும்தான் வித்தியாசம். கிரில்லைக் கையால் பொத்திப் பிடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பொத்தினால் முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும்.

டிஜிட்டல் வாங்கினால் இதெல்லாம் தீருமா?

உஷ்ஷென்ற இரைச்சல் தீரும். அனலாக் மைக் சாகும் முன் கொரகொரத்து எச்சரிக்கும். டிஜிட்டல் கடைசி நொடிவரை சுத்தமாகப் பேசிவிட்டுப் பட்டென்று நிற்கும். ஆன்டெனா, அலைவரிசைத் திட்டம் எல்லாம் அதற்கும் வேண்டும். தாமதம் பற்றிக் கவலை வேண்டாம்: நல்ல டிஜிட்டல் மைக்கின் 3 மில்லிவிநாடி, ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். புளூடூத் ஹெட்செட்டை மேடை மைக்காக்குவது வேறு கதை. அதில் தாமதம் 100 மில்லிவிநாடியைத் தாண்டுவது சகஜம்.

பழைய மைக், பல வருடம் நன்றாக ஓடியது. இப்போது எங்கே போனாலும் இரைச்சல்.

கருவி கெட்டிருக்காது, அதன் அலைவரிசையை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள். பல நாடுகளில் 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் செல்போன் சேவைக்குப் போய்விட்டன. அமெரிக்காவில் 617 முதல் 652 வரையும், 663 முதல் 698 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸில் வயர்லெஸ் மைக் ஓட்டுவது 2020 ஜூலை 13-க்குப் பிறகு சட்டவிரோதம். பழைய மைக்கை மலிவாக வாங்கும் முன் அதன் அடியில் ஒட்டியிருக்கும் அலைவரிசை எல்லையைப் படித்து, உங்கள் நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று பாருங்கள்.

எல்லா மைக்கையும் அணைத்துவிட்டேன். ஒரு ரிசீவரில் மட்டும் ஆர்எஃப் முழுதாக எரிகிறது, அதன் மைக்கை ஆன் செய்து பேசினால் நடுவில் ஊளையிடுகிறது. யார் அது?

பெரும்பாலும் நீங்கள்தான். ஒருமுறை இதே கோளாறைத் துரத்திக்கொண்டு அரை மணி நேரம் சேனல் மாற்றினேன், ஆன்டெனாவை இடம் மாற்றினேன், பக்கத்து அரங்கைச் சந்தேகித்தேன். ஒரே அலைவரிசையில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் இருந்தால் ரிசீவர் வலுவானதைத்தான் பிடிக்கும். இரண்டும் கிட்டத்தட்ட சமமானால் ஊளையிடும். நான் ஒவ்வொரு முறை சேனல் மாற்றியபோதும் கொஞ்ச நேரம் சரியாகி, பழைய சேனலுக்குத் திரும்பியதும் மறுபடி வந்தது. கடைசியில் கேபிள் எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். ஸ்பேர் ஹேண்ட் மைக் ஸ்பாஞ்சுக்கு நடுவே படுத்திருந்தது, பச்சை விளக்கு எரிந்தபடி.